ஒரு லட்டுக்கு நான் போட்ட சாட்சிக் கையெழுத்து

டாக்டர், நீங்கள் மேடையில் சொன்னது பொய். மறதி என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். வயதாகிவிட்டது என்றும் சொல்ல வேண்டாம். எண்பதுகளில் சொன்ன அதே பொய்யை அதே சிரிப்போடு இப்போதும் சொன்னீர்கள்.

உங்கள் பெயரை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும். மற்றவர்களுக்கு இது போதும்: நீங்கள் எங்கள் ஆஸ்பத்திரியின் நீரிழிவு மருந்தகத்தை நடத்திய பெரிய டாக்டர். நான் அங்கே உதவித் தாதி.

சென்ற மாதம் நடந்த கூட்டம் புதுக் கருவியைப் பற்றியது. ஒரு வெள்ளி நாணய அளவில் ஒரு வட்டம். அதை மேல்கையில் ஒட்டிக்கொண்டால் உடம்பில் சீனி எவ்வளவு என்று கைத்தொலைபேசியில் தெரிகிறது, இரவும் பகலும். நல்ல விஷயம். அதைப் பாராட்டிப் பேச வந்த பெரிய டாக்டர் பழைய கதைக்குப் போனார்.

"எங்க காலத்துல பேஷண்ட் வாயத்தான் நம்பணும். வாய் பூரா பொய்! லட்டுக் கடையில வேலை பார்த்த ஒரு கர்ப்பிணிப் பொண்ணு. லட்டுலட்டா உள்ள தள்ளிட்டு, சாப்பிடவே இல்லன்னு சத்தியம் பண்ணுச்சு. ஒரு நர்ஸ அனுப்பிக் கையும் களவுமாப் பிடிச்சேன். அப்புறந்தான் புள்ள பொழைச்சுது."

மண்டபமே சிரித்தது. அந்த நர்ஸ் நான்தான்.

கூட்டம் முடிந்ததும் இளம் தாதிகள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஆன்ட்டி, எங்க ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்தப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன். ஸ்வீட்டா ரெண்டு மூணு சம்பவம் போதும்" என்றார்கள். ஸ்வீட்டாகத்தான் எழுதுகிறேன். படியுங்கள்.

பயிற்சிக் காலத்தை ஒரு பத்தியில் முடிக்கிறேன், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எழுபதுகளின் தொடக்கம். படுக்கை விரித்தேன், மலச்சட்டி தூக்கினேன், கண்ணாடி ஊசிக்குழல்களைக் கொதிக்க வைத்தேன், மழுங்கிய ஊசிகளைக் கல்லில் தீட்டினேன். பிறகு நீரிழிவு மருந்தகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே என் வேலை மூத்திரம் காய்ச்சுவது. சோதனைக் குழாயில் ஐந்து சொட்டு மூத்திரம், பத்து சொட்டுத் தண்ணீர், ஒரு மாத்திரை. அடுப்பில்லாமலே பொங்கும். நீலம் வந்தால் சீனி இல்லை. பச்சை வந்தால் கொஞ்சம். செங்கல் நிறம் வந்தால் டாக்டரிடம் திட்டு. காலையில் அறுபது குழாய், எழுபது குழாய். நோயாளிகள் எங்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். "மிஸ்ஸி, நீலமா?" என்று பரீட்சை முடிவு கேட்பதுபோல் கேட்பார்கள்.

பெரிய டாக்டரின் முறையைச் சொல்ல வேண்டும். அவர் நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார், அட்டையைப் பார்ப்பார். கையில் சிவப்புப் பேனா இருக்கும். எங்களோடு ஆங்கிலம் பேசுவார். தமிழ் நோயாளி வந்தால் மட்டும் தமிழுக்கு வருவார், அதுவும் பால்வாடிக் குழந்தையிடம் பேசுகிற தமிழ். நோயாளிகள் வீட்டில் சோதித்து எழுதிவரும் சின்னப் புத்தகத்துக்கு அவர் வைத்த பெயர் சிறுகதை. "என்னம்மா, இன்னைக்கு என்ன சிறுகதை கொண்டுவந்திருக்கே?" அதைக் கேட்டு அறையில் நிற்கிற நாங்கள் சிரிக்க வேண்டும். சிரித்தோம். நானும் சிரித்திருக்கிறேன்.

சிலர் பொய் எழுதினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. இப்படிக் கேட்கிறவரிடம் யார் உண்மை எழுதுவார்கள்?

எண்பதுகளில் மருந்தகத்துக்கு மூன்று மெஷின் வந்தது. விரலைக் குத்தி ரத்தத்தில் நேராகச் சீனி பார்க்கும் மெஷின். இன்றைக்கு இருப்பதுபோல் பொடியன் இல்லை. தடித்த அகராதி அளவு, தோல் பை, தோளில் மாட்டிக்கொள்ள ஒரு வார். கர்ப்பிணிகளுக்கு மட்டும் இரவல் கொடுத்தோம். எங்கே போனாலும் தோளில் மாட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது பெரிய டாக்டர் உத்தரவு. பஸ்ஸில் கண்டக்டர் மாதிரி இருக்கும்.

அதைப் பயன்படுத்தும் முறையை அவரே ஓர் அட்டையில் அச்சடித்தார். விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதனைக் காகிதப் பட்டையின் மீது தொங்கவிட வேண்டும். தேய்க்கக்கூடாது. கைக்கடிகாரத்தில் அறுபது விநாடி பார்க்க வேண்டும். பஞ்சால் ஒரே இழுப்பாகத் துடைத்து, இன்னும் அறுபது விநாடி கழித்து மெஷினுக்குள் நுழைக்க வேண்டும். எண் வரும். இதற்கெல்லாம் முன்னால், அட்டையின் முதல் வரி: விரலைத் தண்ணீரில் கழுவாதே, ஸ்பிரிட் பஞ்சால் துடை. ஈர விரலில் ரத்தம் பரவிப் பட்டை கெட்டுவிடுமாம். அந்த முதல் வரியை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். "தண்ணி பக்கமே போகாதீங்க" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிலோமினா வந்தது தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது. இருபத்துமூன்று வயது. பதினான்கு வயதிலிருந்து சீனி வியாதி. சாப்பாட்டால் வருகிற வகை இல்லை. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிடும், ஊசி இல்லாவிட்டால் உயிர் இல்லை, அந்த வகை. வீடு குவீன்ஸ்டவுனில். புருஷன் அந்தோணி கப்பல் பட்டறையில் இரும்பு ஒட்டும் வெல்டிங் வேலை செய்கிறவர். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் பலகாரக் கடையில் அவளுக்கு வேலை. லட்டு பிடிப்பாள். சீனி வியாதிக்காரி லட்டு பிடிக்கிறாள் என்றதும் பெரிய டாக்டருக்குத் தீர்ப்பு எழுத வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அவள் மூன்று மாத கர்ப்பம். மெஷின் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் புத்தகம் வந்தது. காலையில் வீட்டில் நூறு, நூற்றுப்பத்து. மத்தியானம் கடையில் இருநூற்றுத் தொண்ணூறு, முந்நூறு. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, நாள் முழுவதும் நூறு. மருந்தகத்தில் நான் காய்ச்சிய மூத்திரம் எப்போதும் நீலம்.

"கடைக்குப் போனா ஏறுது, வீட்டுக்கு வந்தா இறங்குது. மெஷினுக்கு லட்டுன்னா புடிக்குமோ?" என்றார் பெரிய டாக்டர்.

"நான் தொடுறதோட சரி டாக்டர். நாக்குல வச்சதே இல்ல. மாதா சத்தியமா."

"மாதாவ ஏன் இழுக்குற? அவங்களுக்கு சீனி வியாதி இல்ல."

நாங்கள் சிரித்தோம். மத்தியான ஊசியை அவர் ஏற்றினார். அளவு இருநூற்றைம்பதுக்கு மேல் போனால் இன்னும் எட்டு யூனிட் சேர்த்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அடுத்த வாரம் அவள் கடையில் மயங்கி விழுந்தாள். அதற்கடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில். இரண்டையும் சொன்னாள். லட்டைத் தின்றுவிட்டுப் பயத்தில் அதிகமாக ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வந்தது. அந்தோணியை உள்ளே கூப்பிட்டு, அவளை வைத்துக்கொண்டே சொன்னார்.

"உங்க மனைவி பொய் சொல்றாங்க. இந்தச் சீனியில புள்ள ஒழுங்காப் பொறக்காது. ரெண்டு வாரம் டைம் குடுக்குறேன். இறங்கலன்னா இத நிறுத்திடலாம். சின்ன வயசுதானே, அப்புறம் பாத்துக்கலாம்."

'இது' என்றார், குழந்தையை. அந்தோணி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வெளியே நடையில் பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரரு கோயில்ல போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொல்றாரு. செய்யாதத எப்படி மிஸ்ஸி சாமியார்கிட்டச் சொல்றது?"

"சாப்பிட்டிருந்தா எங்கிட்டச் சொல்லிடும்மா" என்றேன் நான். அவள் கையை விட்டுவிட்டாள். நானும் நம்பவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

பெரிய டாக்டர் என்னை உளவு பார்க்க அனுப்பினார். அழகான வார்த்தையில் அதற்கு 'கள ஆய்வு' என்று பெயர். அதற்கென ஒரு தாளும் தயார் செய்திருந்தார். நேரம், தேதி, ஒரே ஒரு கேள்வி: நோயாளி இனிப்பு சாப்பிட்டாரா? ஆம், இல்லை, இரண்டு கட்டம். கீழே கையெழுத்துக்கு இடம். விளக்கம் எழுத இடமே கிடையாது. பதில் தெரிந்த பிறகு கேள்வி தயாரித்தால் அப்படித்தான் இருக்கும்.

சீருடையைக் கழற்றிச் சேலை கட்டிக்கொண்டு போனேன். காலணியை மாற்ற மறந்துவிட்டேன். கடையில் தோசை சொல்லி உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் ஆறுமுகம் மாஸ்டர், அங்கே தலைமைச் சமையல்காரர், நேராக வந்து நின்றார்.

"வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கிட்டு தோசை சாப்பிட வந்திருக்கீங்க. ஆஸ்பத்திரியா, போலீஸா?"

"ஆஸ்பத்திரி."

"அப்ப அந்தப் புள்ளைக்குத்தான். உள்ள வந்து நல்லாப் பாருங்க லா. ஒளிஞ்சு பாக்குறதுக்கு இது என்ன சினிமாவா?"

பின்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். ரகசிய வேலை அத்தோடு முடிந்தது. பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் பிலோமினாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி ஆர்டர். பாகில் ஊறின பூந்தியை இரண்டு கையாலும் அள்ளிப் பிடிக்கிறாள், தட்டில் வைக்கிறாள், அடுத்தது. முழங்கை வரைக்கும் பாகு மினுங்குகிறது. மூன்று மணி நேரம் அந்தக் கை வாய்ப்பக்கம் போகவில்லை. மூக்கு அரித்தபோதுகூடத் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

ஒரு மணிக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த மெஷினை எடுத்தாள். அதன் வாரில் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. தட்டிவிட்டாள். ஸ்பிரிட் பஞ்சை எடுத்து விரலைத் துடைத்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு பிசகு இல்லாமல். குத்தினாள், சொட்டைத் தொங்கவிட்டாள், கடிகாரத்தைப் பார்த்தாள். முந்நூற்றுப் பத்து.

"பாத்துக்குங்க மிஸ்ஸி" என்றாள். அழவில்லை. எட்டு யூனிட் கூட்டி ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

எனக்கு எறும்புதான் உறுத்தியது. மெஷின் வாரில் எறும்புக்கு என்ன வேலை? அவள் கை பட்ட இடமெல்லாம் எறும்பு. ஸ்பிரிட்டால் துடைத்த கையைத் தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுத்தது.

"மாஸ்டர், பாகுல என்ன போடுறீங்க?"

"சீனி. அப்புறம் இது, பாகு பூத்துப் போகாம இருக்கிறதுக்கு" என்று ஒரு தகர டின்னைத் தட்டிக் காட்டினார். டின் மேல் கொட்டை எழுத்தில் குளுக்கோஸ் என்று அச்சடித்திருந்தது. மெஷின் தேடுவதும் அதையேதான். நாங்கள் அதை விரலில் தடவி அனுப்பியிருக்கிறோம்.

"ஊசியக் கீழ வை" என்று கத்தினேன். கடையில் எல்லோரும் திரும்பினார்கள்.

அண்டாவில் கைவிட்டு நானே நாலு லட்டு பிடித்தேன். என்னுடையது லட்டு மாதிரியும் இல்லை, கொழுக்கட்டை மாதிரியும் இல்லை. துணியில் துடைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, என் விரலைக் குத்தினேன். எனக்குச் சீனி வியாதி கிடையாது. மெஷின் இருநூற்று அறுபது என்றது.

"ஐயையோ, மிஸ்ஸிக்கும் வந்துருச்சு!" என்றார் மாஸ்டர்.

சோப்பு போட்டுக் கழுவினேன், நன்றாக ஈரம் போகத் துடைத்தேன், வேறு விரலைக் குத்தினேன். தொண்ணூற்று இரண்டு. ஸ்பிரிட்டில் பாகு கரையவில்லை. தண்ணீரில் கரையும். தண்ணீர் பக்கமே போகாதே என்று விரலை ஆட்டியவள் நான்.

பிலோமினாவைக் குழாயடிக்கு இழுத்துப்போய், முழங்கை வரை என் கையாலேயே கழுவி, துடைத்து, குத்தினேன். இரண்டு நிமிஷம் காத்திருந்தோம். நாற்பத்தெட்டு.

படிக்கிறவர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். நாற்பத்தெட்டு என்றால் கொஞ்ச நேரத்தில் மயக்கம். அந்த நிலையில் அந்த ஊசியைப் போட்டிருந்தால் வலிப்பு வரும், அவளும் போயிருக்கலாம், குழந்தையும் போயிருக்கலாம். அவளுக்கு நெற்றி வேர்த்துக்கொண்டிருந்தது, கை நடுங்கியது. உடனே சீனி உள்ளே போக வேண்டும். கைக்கு எட்டியது லட்டுதான். எடுத்து நீட்டினேன்.

வாயை இறுக மூடிக்கொண்டாள். "வேண்டாம் மிஸ்ஸி. எழுதிடுவாங்க."

"யாரும் எழுத மாட்டாங்க. தின்னு."

"எழுதிடுவாங்க மிஸ்ஸி!"

தாடையைப் பிடித்து ஊட்டினேன். மாஸ்டர் சீனி போட்ட தேத்தண்ணி கொண்டுவந்தார். பதினைந்து நிமிஷத்தில் நடுக்கம் நின்றது. வாயில் லட்டுத் தூளோடு அவள் ஓவென்று அழுதாள். ஒன்பது வருஷத்தில் அவள் தின்ற முதல் லட்டாம்.

சாயங்காலம் தாளை நிரப்பினேன். நோயாளி இனிப்பு சாப்பிட்டாரா? நான் கேனத்தனமாக நேர்மையானவள். சாப்பிட்டாளா? சாப்பிட்டாள், நான்தான் ஊட்டினேன். 'ஆம்' கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டேன். நடந்ததைத் தனித் தாளில் இரண்டு பக்கம் எழுதி அதோடு குண்டூசி குத்திக் கொடுத்தேன். மறுநாள் நேரிலும் போய்ச் சொன்னேன். உங்கள் விரலில் ஜாம் தடவிச் செய்து காட்டட்டுமா டாக்டர் என்று கேட்டேன்.

"நீ நர்ஸா, கெமிஸ்டா?" என்றார். என் இரண்டு பக்கத்தைக் கழற்றித் தனியே வைத்தார். 'ஆம்' தாளை மட்டும் அவள் அட்டையில் சேர்த்தார். சிவப்புப் பேனாவால் எழுதினார்: இனிப்பு உண்டது தாதியால் நேரில் காணப்பட்டது. நம்பத்தகாதவர்.

"அது நான் ஊட்டினது டாக்டர்."

"சாப்பிட்டாளா, இல்லையா?"

"சாப்பிட்டா. ஆனா..."

"ஃபார்ம்ல ஆனா இல்ல."

அன்றிலிருந்து பிலோமினா சோப்பு போட்டுக் கழுவிச் சோதித்தாள். ஊசியின் அளவையும் அவரே குறைத்தார். மத்தியானமும் நூற்றுப்பத்து வந்தது. பிடிபட்ட பிறகு திருந்திவிட்டாள் என்று எழுதினார். கருவை நிறுத்தும் பேச்சு நின்றது. பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. அதற்குள் மருந்தகத்தில் புது அட்டை வந்துவிட்டது. முதல் வரி: கையை சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவவும். பழைய அட்டைகளை ஒன்று விடாமல் திருப்பி வாங்கினார்கள். ஏன் மாற்றினோம் என்று ஒரு வார்த்தை கிடையாது. கெமிஸ்ட் இல்லாதவள் சொன்னது அச்சாகிவிட்டது.

அந்தோணியிடம் நான் உண்மையைச் சொன்னேன். நடையிலேயே நிறுத்திச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்கு நல்ல மனசு மிஸ்ஸி. அவளக் காப்பாத்தணும்னு சொல்றீங்க. பெரிய டாக்டர் தாளக் காட்டிட்டாரு. உங்க கையெழுத்துத்தானே அது?"

என் கையெழுத்துத்தான்.

நான் ஏன் அப்போதே மேலே புகார் செய்யவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஸ்டாஃப் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன், அவர் சிபாரிசு வேண்டியிருந்தது. சிபாரிசு கிடைத்தது. நல்ல சிபாரிசு, 'நம்பகமானவர்' என்று எழுதியிருந்தார். ஒரே பேனாவில் அவளுக்கு ஒரு சொல், எனக்கு ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். எனக்கு வெட்கம் உண்டு. உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தோணி போய்ச் சேர்ந்துவிட்டார், நம்பாமலே. கடைசி வரைக்கும் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பலகாரம் வந்தால் அவளுக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டுவாராம். கோபத்தில் இல்லை, அன்பில்தான். பிலோமினா சொன்னாள். அவள் இன்றும் அதே குவீன்ஸ்டவுனில்தான் இருக்கிறாள். நாங்கள் மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்வோம்.

நீங்கள் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தபோது, டாக்டர், பிலோமினா மூன்றாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூட்டி வந்தது அவள் மகள். நீங்கள் நிறுத்திவிடலாம் என்ற 'இது' அவள்தான். பள்ளிக்கூட ஆசிரியை. அம்மா லட்டுக் கடையில் வேலை பார்த்த கதை அவளுக்குத் தெரியாது. எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். திரும்பி வரும்போது காரை ஓட்டிக்கொண்டே கேட்டாள்:

"மம்மி, யாரு மம்மி அந்த லட்டு ஆன்ட்டி? பேபிய வயித்துல வச்சிக்கிட்டு யாராச்சும் அப்படிச் செய்வாங்களா? செல்ஃபிஷ் லா."

பின்சீட்டில் நான் வாயைத் திறந்தேன். பிலோமினா என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

"யாரோ" என்றாள் மகளிடம்.

மறுநாள் அவளுக்குப் போன் செய்து, நான் எழுதப் போகிறேன் என்றேன். "எம் பேரையும் போட்டே எழுதுங்க மிஸ்ஸி. எம் பொண்ணுகிட்ட நானே சொன்னா, அவ அப்பா நம்பாத மாதிரி அவளும் நம்பாமப் போயிட்டா?" என்றாள். அதனால் போட்டிருக்கிறேன்.

உங்களுக்கு மூன்று கேள்விகள். கையைக் கழுவாதே என்று அச்சடித்தது யார்? நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம் எங்கே போனது? பிலோமினா லட்டுத் திருடித் தின்றாள் என்று நீங்கள் இன்றும் நம்புகிறீர்களா? எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம், போன் செய்ய வேண்டாம். அடுத்த கூட்டத்தில் பிலோமினாவும் அவள் மகளும் வந்து உட்காருவார்கள். மைக்கைப் பிடித்து, எல்லோரும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.